கூரைக்கு ஒரு பிரிவுபசார விழா

கூரை மாற்ற நினைக்கிறவர்கள் எத்தனையோ விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஓடு நல்லதா தகர ஷீட் நல்லதா, கைமரத்துக்குத் தேக்கு போடலாமா வேங்கை போதுமா, எவ்வளவு சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும் என்றெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பொழுது முழுக்கப் பேசுவார்கள், ஆனால் பழைய கூரையிடம் கடைசியாக என்ன பேசினோம் என்பதை மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. ஆலடிக்குறிச்சியில் நாங்கள் இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறோம். யாராவது ஓடு பிரிக்கப் போகிறேன் என்று சொன்னால், மரம் வாங்கியாச்சா, ஆள் பிடித்தாச்சா என்பதற்கெல்லாம் முன்னால், பழையதிடம் வாய்விட்டு எதுவும் சொல்லிவைக்கவில்லையே என்று கேட்போம். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் தென்காசிக்கு மேற்கே, மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிற மழையின் மிச்சம் கணவாய் வழியாகச் சாரலாக இறங்கி, நின்று, போய், போன வேகத்தில் திரும்பி வந்து, ஆவணி வரைக்கும் ஊரை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சாரலை அனுபவிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அறை எடுத்துத் தங்குகிறார்கள். செண்பகவல்லி அதை அலுமினியப் போணியில் பிடித்து வெளியே ஊற்றினாள்.

செண்பகவல்லி மேலத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள், கண்டக்டர் நயினாரின் மனைவி. அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரை நயினாருடைய அப்பா காலத்தில் போட்டது, அது ஒழுகும். எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர்மேலேதான் உடைந்த ஓடு இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒழுகுகிற வீட்டில் குடியிருந்ததே இல்லை என்று அர்த்தம். தண்ணீர் மேலே ஏதோ ஒரு மூலையில் நுழைந்து, கைமரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். நமச்சிவாய ஆசாரி வருஷா வருஷம் வந்து நாலு ஓட்டை மாற்றிவிட்டுப் போவார், தண்ணீரும் வருஷா வருஷம் பாதையை மாற்றிக்கொள்ளும். கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி, அலமாரி ஓரம் சருவம், அடுப்பங்கரையில் போணி, தையல் மெஷினுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் என்று எல்லாவற்றையும் வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்து ஊற்றி, மறுபடி வைத்து, அப்படியே விடிந்துவிடும் அவளுக்கு. நயினார் முதல் டிரிப் எடுக்கிறவர் என்பதால் அவரை எழுப்பக் கூடாது. எழுப்பினாலும் எழுந்திருக்கிற ஆள் இல்லை. இடியே விழுந்தாலும் அடுத்த ஸ்டாப் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து செண்பகவல்லிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, மழை பெய்யும்போது படுத்துத் தூங்க வேண்டும். மழைச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குக் கண் சொருகுமாம், போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுமாம். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாகவே தரையைத் தேடும். தூக்கத்தையெல்லாம் போய் ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவள் அதை யாரிடமும் சொல்லாமலே வைத்திருந்தாள்.

அந்தத் தை மாசம் நயினார் ஓய்வு பெற்றார். டிப்போவில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் விசிலைப் போல ஒரு விசிலை இந்த ரூட்டில் எவனும் ஊதியதில்லை என்று பேசி, மிக்சரும் காபியும் கொடுத்து, வண்டியிலேயே வீடுவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். மறுநாளும் அவர் விடியுமுன் எழுந்து, குளித்து, தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். பங்குனி வரைக்கும் நின்றார். அப்புறம்தான் செண்பகவல்லி, கைக்கு வந்த பணம் கரைவதற்கு முன்னால் கூரையை மாற்றிவிடலாம் என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பங்குனி சித்திரையில் முடித்திருக்க வேண்டிய வேலை இது. நல்ல நேரம் பார்க்கிறேன் என்று நயினார் இழுத்து இழுத்து, கடைசியில் வைகாசி முடியப்போகிற ஒரு முகூர்த்த நாளில் போய் நின்றது. முதல் நாளே பழைய ஓட்டைப் பிரித்து இறக்கிவிடுவது, மறுநாள் காலை முகூர்த்தத்தில் புது முகட்டு விட்டத்துக்குப் பூசை போட்டு ஏற்றுவது என்று ஏற்பாடு. ஆனால் மச்சினன் ஊர்க் கோயில் கொடைக்குப் போன ஆசாரி திரும்பவில்லை, மரம் ஏற்றிய லாரி புளியரை செக்போஸ்ட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. முகூர்த்தக் காலையில் வீட்டில் தேங்காய் இருந்தது, பழம் இருந்தது, சந்தனம் இருந்தது, விட்டத்தில் கட்டப் புதுத் துண்டு இருந்தது, தலைக்கு மேலே பழைய கூரையும் இருந்தது.

"ஆசாரியும் வரல, மரமும் வரல. எதுக்குப் பொட்டு வைக்க?" என்றாள் செண்பகவல்லி.

"ஏட்டி, நேரம் போவுதுல்லா. வண்டி எடுக்க நேரம் ஆயிட்டுன்னா எடுத்திரணும், ஆள் ஏறலன்னு நின்னுக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார் நயினார். "பேசாம இருக்கிற விட்டத்துக்கே வச்சிரு. கூரைக்குத்தானே வைக்கோம். சாமி என்ன, மேல ஏறி ஓட்டத் தட்டிப் பாக்கவா போவுது?"

அவள் ஏணியில் ஏறினாள். கரி பிடித்த பழைய விட்டத்தைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை சொருகி, புதுத் துண்டைக் கட்டி, சூடம் காட்டினாள். பிறகு விட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரப்போகிற புதுக் கூரையை மனதில் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மனதுருகச் சொன்னாள்: "இனிமே எங்களுக்கு நீதான் நிழலு. எங்கள விட்டுட்டு எங்கயும் போயிராத தாயி."

மறுநாள் ஆசாரி ஆட்களோடு வந்தார், மர லாரியும் வந்து சேர்ந்தது. எப்போதும் முகட்டிலிருந்துதான் பிரிக்க வேண்டும், கீழேயிருந்து ஆரம்பித்தால் மேலே இருக்கிறது தலையில் வரும். நல்ல ஓட்டைத் தனியாக, விரிசல் விட்டதைத் தனியாகத் தெருவில் அடுக்கினார்கள். ரீப்பர்ச் சட்டங்களைக் கழற்றினார்கள், கைமரங்களை இறக்கினார்கள், கடைசியில் விட்டத்தை இறக்கி அதன் நுனியில் ஆசாரி உளியை வைத்தபோது அது சுக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. உள்ளே கரையான் தின்று முடித்திருந்தது.

"இது இத்தன நாளு எப்படி நின்னுச்சுன்னே தெரியல மதினி. நிக்கணும்னு நின்னிருக்கு," என்றார் ஆசாரி.

உச்சி வெயில். நாலு சுவர் மட்டும் நின்றது, மேலே ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் நன்றாக இருக்குமே என்று செண்பகவல்லி உள்ளே போனாள், உள்ளே எப்போதும் போல இருட்டாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேகம் தெரிந்தது, குனிந்து பார்த்தால் நிழல் கிடந்தது. தெருவில் அடுக்கிவைத்திருந்த கண்ணாடி ஓட்டிலிருந்து விழுகிற சதுர வெளிச்சம், வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் தரையில் விழுந்து, வழக்கம் போலச் சுவரை நோக்கி நகர்ந்தது. ஒரு பல்லி வானத்தில் தலைகீழாக நின்று உச்சுக்கொட்டியது. காகம் ஒன்று வந்து ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து அலகைத் தேய்த்தது.

ஆசாரி ஏணியில் ஏறிக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மர விலையைச் சொல்வது போலச் சொன்னார்: "அண்ணாச்சி, ஓட்ட இறக்கிட்டோம். கூரை இறங்க மாட்டேங்கு."

பழையதன் மேலேயே புதியதைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்கிற ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு, எங்கள் ஊரில் அது ஊராட்சித் தலைவர் பூதப்பாண்டி. அவர் சொன்னார் என்று புது விட்டத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அது எதிலோ டொக்கென்று இடித்து, சறுக்கி, தெருவுக்கே வந்து சேர்ந்தது. இன்னொரு முறை ஏற்றினார்கள், இன்னொரு முறை வந்தது. அதற்குள் மலை கறுத்து, சாரல் இறங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். மழை வீட்டுக்கு மேலே வந்ததும் வானத்திலேயே சரிவாக ஓடி, இறவாரம் இருந்த இடத்திலிருந்து வரிசையாகத் தெருவில் விழுந்தது. வீட்டுக்குள் கட்டில் பக்கம் சொட்டியது, அலமாரி ஓரம் சொட்டியது, அடுப்பங்கரையில் சொட்டியது. செண்பகவல்லி போய் வாளியை எடுத்து வைத்தாள்.

ஊருக்கு இது ஒரு நாள் அதிசயமாக இருந்தது, மறுநாள் பழகிவிட்டது. வீட்டு வரி வசூலிக்க வந்தவர் இதை என்ன வீடு என்று எழுதுவது என்று கேட்டதற்கு, ஓட்டு வீடு, ஓடு தெருவில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று தலைவர் முடித்துவைத்தார். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன, என்ன, கீழே கட்டிலில் படுத்திருக்கிறவர் இப்போது அவற்றைப் பின்பக்கமாகப் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து பாயில் படுக்கவைத்து, நனையாமலே மழை மேகம் எப்படி இருக்கும் என்று காட்டினாள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள், அந்தத் தலையை இங்கே வந்து வானத்துக்குக் கீழே துவட்டினார்கள். டீக்கடை செய்யதலி வாசலுக்கு எதிரே பெஞ்சு போட்டுச் சுக்குக் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் விற்றார். வீட்டுக்குள்ளே நிறுத்தி ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள், ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனார்கள், சண்டைபோட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மழையைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நயினாருக்கு மறுபடியும் முகத்தில் களை வந்துவிட்டது. பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்லயே நிக்காதீங்க. படுத்துப் பாக்குறவங்க இடது பக்கம், நின்னு பாக்குறவங்க பின்னால போங்க. பாத்தவங்க எறங்குங்க!" என்று நாள் முழுக்க அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் செண்பகவல்லியைப் பார்த்து, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார்கள். அவள் கையில் நிரம்பிய போணியோடு, "கொஞ்சம் ஒதுங்குங்க, தளும்புது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு நெற்று விழுந்தது. வானத்தில் ஓடு உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, தேங்காய் சரிவில் உருண்டு தெருவுக்குப் போனது, அடுத்த நிமிஷம் தைத்து முடித்து வைத்திருந்த ஒரு கல்யாண ஜாக்கெட் மேல் புதிதாக ஒரு சொட்டு விழுந்தது. ஆசாரி வந்து ஏணியில் நின்று வெகுநேரம் தடவினார்.

"கைக்குத் தட்டுப்படுது, கண்ணுக்குத் தெரியல. எந்த ஓடுன்னு பாத்து மாத்த? மாத்துனாலும் எதுல நிக்கும்?" என்றார்.

அதன் பிறகு குரங்குகள் ஓடிப் பிடித்து விளையாடும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு ஓடு விரிசல் விட்டது. ஒழுகல் கூடிக்கொண்டே போனது. எல்லாப் பாத்திரமும் தரையில் இருந்ததால் சமைக்கப் பாத்திரம் இல்லாமல் செண்பகவல்லி செய்யதலி கடையிலிருந்து ஒரு சட்டி கடன் வாங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் தலைவரும் செய்யதலியும் இன்னும் சிலரும் வாசலில் இருக்கும்போது அவள் வெளியே வந்து, இந்தக் கூரையை எப்படியாவது அனுப்பிவிடுங்கள், எனக்கு ஒழுகாத வீடு வேண்டும் என்றாள்.

"அனுப்பலாம் மதினி. இந்த சீசன் முடிஞ்சிரட்டும்," என்றார் தலைவர்.

"ஆமாக்கா, சீசன் முடியட்டும்," என்றார் செய்யதலி.

அவள் நயினாரைப் பார்த்தாள். நயினார் விசிலைப் பார்த்துக்கொண்டு, "சீசன் முடியட்டுமே செண்பகம்," என்றார்.

ஊர் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னபோது வலித்தது. அவள் சண்டை போடவில்லை, தைக்க வேண்டிய துணிகளை ஒரு பையில் கட்டினாள், மாற்றுப் புடவை இரண்டை இன்னொரு பையில் வைத்தாள், சுரண்டையில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏறும்போது, "மழைன்னா எந்திரிச்சிக்கிடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் பிடித்த மழை நயினாருக்கென்றே பிடித்த மழை. பகலில் வந்த ஆட்களை உள்ளே விட அவருக்கு நேரமில்லை. கட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் அலமாரிச் சருவம் வழிந்தது, அதை ஊற்றிவிட்டு வந்தால் அடுப்பங்கரையில் குளம் நின்றது, அதைத் துடைத்தால் மெஷின் மேல் கட்டிய தாள் தொப்பென்று கிழிந்தது. உட்கார்ந்தால் எழுந்தார், படுத்தால் எழுந்தார், கடைசியில் எழுந்தேதான் இருந்தார். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் செய்யதலி கடையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்டார்.

செய்யதலி கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, தூங்கலையா?" என்று கேட்டார்.

"நான் ரெண்டு நாளாத் தூங்கல பாய்," என்றார் நயினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அவ கல்யாணம் ஆனதுலேருந்து தூங்கல," என்றார். அப்படிச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே சுரண்டை பஸ்ஸில் ஏறினார்.

அக்கா வீட்டில் செண்பகவல்லி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சுரண்டையில் நல்ல வெயில். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வா, அத அனுப்பிருவோம்."

"சீசன் முடியலையே?"

"சீசனத் தூக்கிக் குப்பையில போடு. எனக்குத் தெரியாமப் போச்சு செண்பகம். இத்தன வருசமா பக்கத்துலயே படுத்துக் கெடந்திருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அது போவாதுங்க," என்றாள். "நான்தான் போவாதன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு அந்த விட்டத்தப் பிடிச்சிக்கிட்டு, புதுசுக்குச் சொல்லுதோம்னு நெனச்சி, நீதான் நிழலு, விட்டுட்டுப் போயிராதன்னு சொன்னேன். அதுக்கு எப்படித் தெரியும் யாருக்குச் சொன்னோம்னு? மழை பெய்ஞ்சா சவமேன்னு வைவேன், அது ஒண்ணுதான் நான் அதுக்கிட்ட பேசுனது. மொதத் தடவையா ஒருத்தி நல்லதாச் சொல்லியிருக்கா. அது அந்த ஒரு சொல்லுக்காக மரமும் இல்லாம ஓடும் இல்லாம நிக்கி."

நயினார் யோசித்தார். விசில் ஊதுகிறவர்கள் யோசிக்கும்போது கன்னத்தை உப்பிக்கொள்வார்கள், அவரும் உப்பிக்கொண்டார்.

"அப்போ இது ஆசாரி வேலை இல்ல," என்றார். "என்னைய டிப்போவுல எப்படி அனுப்புனாவ? மால போட்டு, சால்வ போத்தி, நாலு நல்ல வார்த்த சொல்லி, வீட்டுல கொண்டு விட்டாவ. அது இல்லாம, நாளைலேருந்து வராதன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? அதுக்கும் மொறையா ஒரு பிரிவுபசார விழா எடுக்கணும்."

ஊர் முதலில் முனகியது. பஜ்ஜி வியாபாரம் போகுமே என்று பலரும் செய்யதலியைப் பார்த்தார்கள், அவர், "என் கடையில நின்னுக்கிட்டே தூங்குன மனுசன நான் பாத்துட்டேன், எனக்கு யாவாரம் வேண்டாம்," என்றுவிட்டார். தலைவர் மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தார். விழாவுக்கு யார் தலைமை என்று கேட்டார், நீங்கள்தான் என்றதும் அவரே பந்தலுக்கு ஏற்பாடு செய்தார். பிளக்ஸ் அடிக்கிற கடையில் ஓய்வு பெறுகிறவரின் போட்டோ கேட்டார்கள், தெருவில் அடுக்கியிருந்த ஓட்டைப் படம் பிடித்துக் கொடுத்தோம்.

சாரல் இடைவெளி விட்ட ஒரு பகலில் விழா நடந்தது. வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டோம், மைக் வைத்தோம், மிக்சரும் ஜிலேபியும் காபியும் கொடுத்தோம். ஆசாரி ஏணியில் ஏறி மாலையையும் பொன்னாடையையும் முகட்டில் போட்டார், இரண்டும் வானத்தில் அழகாகக் கிடந்தன. குரங்குகள்கூட அன்றைக்கு அடக்கமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தன. தலைவர் பேசினார், நிறையப் பேசினார், கூரையை விட்டுவிட்டு அடுத்த தேர்தலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆசாரி, இத்தனை கரையானை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடப் படுக்காத கூரையை நான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு நயினார் மைக்கைப் பிடித்தார். மேலே பார்த்தார்.

"இங்க பாரு, நானும் ஓய்வு வாங்குனவன். வேல இல்லன்னு ஆனா கையும் காலும் என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். மொதல்ல ஒரு மாதிரித்தான் இருக்கும். விடியுமுன்னே முழிப்பு வரும், எங்கேயோ போவணும் போல இருக்கும், நாம இல்லாம வண்டி எப்படி ஓடுதுன்னு இருக்கும். ஓடத்தான் செய்யும். அது நமக்குக் கொறச்சல் இல்ல. எங்க அப்பா கண்ண மூடுனது ஒன் அடியில. இப்ப வெளியூருல இருக்கிற எங்க ரெண்டு பிள்ளையும் பெறந்தது ஒன் அடியில. ஒழுகுனது ஒழுகுனதுதான், ஆனா நீ ஒரு நாளும் விழல. இதுக்கு மேல ஒருத்தரு என்ன செய்ய முடியும்?"

அவர் மைக்கைச் செண்பகவல்லி பக்கம் நீட்டினார். செண்பகவல்லி எழுந்தாள். வழக்கமாக வழியனுப்புகிற மாதிரி போயிட்டு வா என்று சொல்லிவிடாதே என்று யாரோ பின்னாலிருந்து அவளைத் தொட்டுச் சொன்னார்கள். அவள் மைக்கை வாங்கவில்லை. அண்ணாந்து, அந்த வெறும் வானத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன். நீ கேட்டுட்ட. யாரும் கேக்காதத நீ கேட்டுட்ட. ஒன்னைய வஞ்சதெல்லாம் மனசுல வச்சிக்கிடாத, தூக்கம் இல்லாதவ வஞ்சது அது. போதும் தாயி. நல்லாப் பாத்துக்கிட்ட. இனிமே எங்களுக்காக நீ நனையணும்னு இல்ல."

பல்லி முதலில் சுவருக்குத் தாவியது. குரங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து தென்னைக்கு மாறிக்கொண்டன. அப்புறம் ஒரு சத்தமும் இல்லாமல், எங்கள் எல்லோர் தலை மேலும் ஒரே சமயத்தில் வெயில் விழுந்தது. அந்த வீட்டுத் தரை நயினாருடைய அப்பா காலத்துக்குப் பிறகு பார்க்கிற முதல் முழு வெயில். மாலை தொப்பென்று தலைவர் மடியில் விழுந்தது, பொன்னாடை மட்டும் அவசரப்படாமல் அசைந்து அசைந்து இறங்கி செண்பகவல்லியின் தோளில் வந்து உட்கார்ந்தது. ஊரே கை தட்டியது. தட்டிக்கொண்டே பாதிப் பேர் அழுதோம்.

மறுநாளிலிருந்து மேலத்தெரு முழுக்க வேலை செய்தது. மலையில் கறுப்புக் கட்டிக்கொண்டே வந்ததால் யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அவரவர் வந்தார்கள். சுவர் தலையைச் சரிபார்த்து, புது விட்டம் ஏற்றி, இந்த முறை சரிவை இன்னும் கொஞ்சம் கூட்டி, கைமரம் வைத்து, ரீப்பர் அடித்து, கீழேயிருந்து மேலாக ஓடு மேய்ந்து, முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பூசினார்கள். கடைசி ஓடு உட்கார்ந்து ஆசாரி கீழே இறங்கும்வரை சந்தனக் கிண்ணத்தைச் செண்பகவல்லி யார் கண்ணிலும் காட்டவில்லை. நேரம் போகிறதே என்று நயினாரும் சொல்லவில்லை.

சாந்து காய்ந்த மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் தாண்டி மழை வந்தது. நல்ல மழை. ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டுக்குள் வந்து அண்ணாந்து நின்றோம். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கட்டில் பக்கம் சொட்டவில்லை. அலமாரி ஓரம் சொட்டவில்லை. அடுப்பங்கரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆசாரி அங்கேயும் இல்லை என்று தலையை ஆட்டினார். செண்பகவல்லி பழக்கத்தில் வாளியை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தாள். அப்புறம் எங்கள் அத்தனை பேர் நடுவிலும், தரையில் முந்தானையை விரித்துப் படுத்து, ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

நயினார் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழையில் தூங்குகிற மனைவியை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, விசில் இல்லாமல், குரல் இல்லாமல், கையாலேயே எல்லோரையும் வெளியே இறக்கினார்.

கொட்டுகிற மழையில் எங்கே ஒதுங்குவது? தெருமுனையில் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினோம், அங்கே ஒரு கம்பமும் ஊர்ப் பெயர்ப் பலகையும் தவிர ஒன்றும் கிடையாது. நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாங்கள் நனையவில்லை என்பது உறைத்தது. தலைக்கு மேலே மழை சரிவாக ஓடி எங்களுக்கு முன்னால் வரிசையாக விழுந்தது. தலைவரின் வழுக்கையில் மட்டும் ஒரு சொட்டு விழுந்தது, அவர் ஓரடி தள்ளி நின்றார், அங்கேயும் ஒன்று விழுந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செய்யதலி தாங்க முடியாமல் விஷயத்தைச் சொல்ல மேலத்தெருவுக்கு ஓடினார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த நயினார் வாயில் விரலை வைத்து, "எந்திரிக்கட்டும் பாய்," என்று உதட்டை மட்டும் அசைத்தார். செய்யதலி வந்த வழியே நுனிக்காலில் திரும்பினார். இத்தனை பெரிய சங்கதியை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்க எங்கள் ஊர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. செங்கோட்டை பஸ் வளைவில் திரும்பியது, டிரைவர் ஹாரனில் கையை வைத்தார், நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினோம். யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் வண்டியை ஓசைப்படாமல் உருட்டிக்கொண்டு போனார். மழை விளக்கு வைக்கும் நேரம்வரை விடாமல் பெய்தது, அதுவரை செண்பகவல்லி புரண்டுகூடப் படுக்கவில்லை.